கடைக்குள் தண்ணீர் வருவதற்கு முன்

2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் தொழிற்பேட்டைகளில் லேத்துகள் தண்ணீருக்குள் நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பெரிய கம்பெனிக்கு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் உண்டு. பத்துப் பேரை வைத்து ஜாப் ஒர்க் செய்பவருக்கும் ஜவுளிக்கடைக்காரருக்கும் முதலாளியே எல்லாத் துறையும். அவருடைய தொழில் மறுபடி எழுமா என்பது பெரும்பாலும் மழைக்கு முன்பே, பீரோவில் கிடக்கும் சில காகிதங்களில் முடிவாகிவிடுகிறது.

முக்கியமான காகிதம் இன்சூரன்ஸ் பாலிசி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சிறுதொழிலுக்கென்றே இரண்டு பாலிசிகளை வகுத்து, 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஓரிடத்தில் உள்ள கட்டடம், மெஷின், சரக்கு எல்லாம் சேர்ந்து 5 கோடி ரூபாய்க்குள் என்றால் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’. அதற்கு மேல் 50 கோடி வரை ‘பாரத் லகு உத்யம் சுரக்ஷா’. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் இவற்றில் அடங்கும்.

“பேங்க்லயே இன்சூரன்ஸ் போட்டிருக்காங்க சார்” என்று பலர் நிம்மதியாக இருப்பார்கள். போட்டிருப்பார்கள்தான். எந்த முகவரிக்கு, எவ்வளவு தொகைக்கு என்று கேட்டால் பதில் வராது. லோன் வாங்கியபோது கடை பழைய இடத்தில் இருந்திருக்கும்; பிறகு பின்தெருவில் ஒரு குடோன் பிடித்திருப்பீர்கள். பாலிசியில் இல்லாத முகவரியில் நனைந்த சரக்குக்குப் பணம் கேட்டால் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

தொகையில் இன்னொரு சிக்கல் உண்டு. இன்சூரன்ஸ்காரர்கள் அதை ‘ஆவரேஜ்’ என்பார்கள். கடையில் 20 லட்சம் ரூபாய் சரக்கு இருக்கிறது. பிரீமியத்தை மிச்சம்பிடிக்க 10 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்திருக்கிறீர்கள். வெள்ளத்தில் 8 லட்சம் சரக்கு பாழாகிறது. 8 லட்சம் 10 லட்சத்துக்குள்தானே, முழுதாகக் கிடைக்கும் என்று நினைப்போம். கிடைக்காது. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு என்பதால் நஷ்டத்திலும் பாதி, அதாவது 4 லட்சம்தான் கணக்கு. சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாகப் போட்டிருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். அதைத் தாண்டினால் இந்தக் கணக்குதான்.

தமிழ்நாட்டு வியாபாரிக்கு இது கூடுதலாக உறைக்க வேண்டும். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் பருவமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் பருவமும் ஒன்றுதான். ஆடியில் இருந்த சரக்கைக் கணக்குவைத்து பாலிசி எடுத்தவர், ஐப்பசியில் குடோன் கூரை வரை அடுக்கியிருப்பார். சீசனுக்கு மட்டும் தொகையை ஏற்றிக்கொள்ள வழி உண்டா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். கூடவே ஆடிட்டரிடமும் ஒன்று பேச வேண்டும். அழிந்துபோன சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு. ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். சரக்கும் போய், அதற்கு வரியும் கட்டுவது கொடுமைதான். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. சரக்கின் மதிப்பை வரியோடு சேர்த்துக் காப்பீடு செய்யலாமா என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் வடிந்ததும் நாறும் மூட்டைகளை அள்ளி வெளியே போடத்தான் கை பரபரக்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் குப்பை லாரியில் ஏற்றாதீர்கள். நல்ல சரக்கையும் நனைந்ததையும் பிரித்து வையுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். தரையிலிருந்து அதுவரை இன்ச் டேப்பைப் பிடித்துப் போட்டோ எடுங்கள். எந்தத் தட்டு வரை நனைந்தது என்ற வாக்குவாதத்துக்கு அந்தப் படம் நல்ல சாட்சி.

பட்டறைக்காரர்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முழுகி எழுந்த மோட்டாரை ‘ஓடுதா பார்ப்போம்’ என்று சுவிட்சைப் போட்டால் காயில் கருகிவிடும். கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, சூடுகாட்டி உலர்த்தி, மெகர் வைத்து இன்சுலேஷனைச் சோதித்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். உலர்த்தினாலே பிழைத்துவிடும் மோட்டார் உண்டு. அவசரத்தில் எரித்துவிட்டால், ஊரே காயில் கட்ட வரிசையில் நிற்கும்போது நீங்களும் நிற்க வேண்டும். பேனல் போர்டைத் தோள் உயரத்துக்கு மேல் மாற்றிவிடுவதும், தண்ணீர் ஏறும்போது மெயினை அணைப்பது யார், எந்த மெஷினை முதலில் தூக்குவது என்று முன்பே பேசிவைப்பதும் ஒரு நாள் வேலை.

தீ, வெள்ளம் மட்டும் ஆபத்தல்ல. முதலாளி திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் என்ன ஆகும்? வங்கி ஓடிபி, ஜிஎஸ்டி தளம், கடையின் யூபிஐ எல்லாம் அவருடைய ஒரே போனில் இருக்கும். சனிக்கிழமை கூலி கொடுக்கவே ஆள் இராது. நம்பிக்கையான ஒருவருக்கு வங்கியில் அதிகாரக் கடிதம் கொடுத்துவையுங்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் டேலி டேட்டாவின் ஒரு நகல் கடைக்கு வெளியே இருக்கட்டும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே பென்டிரைவை வைத்தால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

பணத்தைப் பொறுத்தவரை, கடை மூடிக்கிடக்கும் நாட்களின் வருமான இழப்பை இந்தச் சூக்ஷ்ம பாலிசி தராது. கிளெய்ம் பணமும் உடனே வந்துவிடாது. ஒரு மாத வாடகையும் கூலியும் வரும் அளவுக்கு ஒரு தொகையை வியாபாரத்தில் போடாமல் தனியே வைப்பது சின்னக் கடைக்குச் சிரமம்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

புயல் எச்சரிக்கை வந்த பிறகு புதிய பாலிசி கேட்டால் கம்பெனிகள் தயங்கும். அதனால் இந்த வாரமே பாலிசியை எடுத்து முகவரியையும் தொகையையும் படித்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் ஏஜென்டுக்குப் போன் போட்டு, திருத்தத்தை எழுத்தில் வாங்குங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதைக் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.