தோட்டத்தில் ஓடும் இரயில்

தமிழகத்தை விட்டு வெளியேறி வாழும் நம்மில் பெரும்பாலோருக்கு இரயில் வெறும் வாகனம் அன்று. அதில்தான் ஊரை விட்டு வந்தோம். ஆண்டுக்கொரு முறை அதில்தான் ஊருக்குப் போகிறோம். ஆயினும் நாற்பது வயதைக் கடந்தவர்கள் சிறுவயதில் கண்ட இரயில் இன்று இல்லை. எழும்பூரிலிருந்து தெற்கே விரிந்து கிடந்த மீட்டர்ப் பாதைகள், 1992-இல் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டத்தின்கீழ் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டுவிட்டன. தமிழ்நாட்டில் அந்த அகலம் இன்று நீலகிரி மலைப்பாதையில்தான் எஞ்சியிருக்கிறது. மறைந்த அந்த இரயிலைத் தோட்டத்து மண்ணில் சிறிய அளவில் மீண்டும் ஓடவிடும் ஒரு பொழுதுபோக்கைப் பற்றியே இங்கே கூற விரும்புகிறேன்.

இது மேசைமேல் ஓடும் பொம்மை இரயில் அன்று. வெயிலும் மழையும் படும் வெளியில், மண்ணில் பாதை போட்டு, செடிகளுக்கு நடுவே ஓட்டுவது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் பெரிய மாதிரி இரயில்களைத் தோட்டத்தில் ஓட்டும் வழக்கம் வெகு நாளாகவே உண்டு. ஆனால், நடுத்தரக் குடும்பத்தினரும் இதில் இறங்க வழிசெய்தது 1968-இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரிலிருந்து வெளிவந்த எல்.ஜி.பி. என்னும் தயாரிப்பு. லேமான் என்னும் பழைய பொம்மைக் கம்பெனி அதைச் செய்தது. வெயிலைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டைகள், அவற்றின் மேல் பித்தளைத் தண்டவாளம், அகலம் 45 மில்லிமீட்டர். இந்த 45 மில்லிமீட்டரை இருபத்திரண்டரை மடங்கு பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும். அதாவது, உலகத் தோட்டங்களில் இன்று ஓடும் பெருவாரியான மாதிரி இரயில்களின் பாதை, நம் தென்னாட்டு மீட்டர்ப் பாதையின் குழந்தை வடிவமே. அதைக் கணக்கிட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு இதில் பித்துப் பிடித்தது.

அளவுக் கணக்கில் இத்துறையினர் எல்லோரும் ஒத்துப் போவதில்லை. அமெரிக்கர்கள் தங்கள் மூன்றடிப் பாதையைக் காட்ட, அதே 45 மில்லிமீட்டரில் 20.3-இல் ஒரு பங்காக வண்டிகளைச் செய்கிறார்கள். பொது அகலப் பாதையைக் காட்ட விரும்புவோர் அதே தண்டவாளத்தில் 32-இல் ஒரு பங்கு வண்டியை ஓட்டுகிறார்கள். எல்.ஜி.பி. வெளியிட்ட முதல் இஞ்சினுக்கு மூலமாக இருந்ததோ, ஆஸ்திரியாவில் 76 சென்டிமீட்டர்ப் பாதையில் ஓடிய ஸ்டைன்ஸ் என்னும் சிறு இஞ்சின்! கறார்க்காரர்கள் இதைக் குறை சொல்வார்கள். தோட்டத்தில் புகை விட்டுக்கொண்டு போகும்போது அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

எனக்குத் தில்லியில் அரசுக் குடியிருப்பின் தரைத்தளத்தில் வீடு. பின்புறம் இருபதடிக்குப் பன்னிரண்டடி மண். பகலெல்லாம் கோப்புகளை மொழிபெயர்க்கும் கைகளுக்கு மண்வேலை நல்லது என்று தொடங்கினேன். முதல் குளிர்காலத்தில் நான் செய்த தவற்றை இங்கே சொல்லிவிடுவது பிறருக்குப் பயன்படும்.

சுவரோரமாக மூன்று மீட்டர் நேர்ப்பாதை போட்டேன். ஆடாமல் இருக்கட்டும் என்று சிமெண்டுத் தளம் இட்டு, இரு முனைகளையும் திருகாணியால் இறுக்கினேன். ஜனவரிக் காலைக் குளிரில் பாதை நூல் பிடித்தாற்போல் இருந்தது. மே மாதத்தில் பார்த்தால் நடுப்பகுதி பாம்பாய் நெளிந்து கிடந்தது. காரணம் எளிது. பித்தளை, வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 19 பங்கு நீளும். தில்லிக் குளிருக்கும் கோடை வெயிலில் காயும் உலோகத்தின் சூட்டுக்கும் ஐம்பது டிகிரி வித்தியாசம் என்று கொண்டால், மூன்று மீட்டர்த் தண்டவாளம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீள்கிறது. மூன்று மில்லிமீட்டர்தானே என்று எண்ண வேண்டா. இரு முனையும் அடைபட்டால் அது பக்கவாட்டில்தான் போக வேண்டும். அப்படிப் போகும்போது நடுவே மூன்று விரலளவுக்குக் குறையாமல் வளைகிறது.

ஆகவே, தோட்டத்துப் பாதையைக் கட்டிப்போடக் கூடாது. ஜல்லியில் மிதக்க விட வேண்டும். அரையடி ஆழத்துக்குச் சிறு கால்வாய் வெட்டி, கால் அங்குல ஜல்லியைச் சலித்துக் கொட்டி, அதன்மேல் பாதையை வைத்து, கட்டைகளுக்கு இடையிலும் ஜல்லியை நிரப்ப வேண்டும். உருண்டைக் கூழாங்கல் உதவாது. அது உருண்டு நழுவும். கோணல்மாணலாக உடைந்த கருங்கல்தான் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும். மழை நீரையும் வடித்துவிடும். உண்மை இரயில் பாதையில் கருங்கல் ஜல்லி கொட்டுவதும் இதே காரணத்தால்தான். இணைப்புகளில் ஒன்றேகால் மில்லிமீட்டர் போல இடைவெளி விட்டுக் குளிர்காலத்தில் போட்டால், கோடையில் அது தானே மூடிக்கொள்ளும்.

ஏற்றம் வேண்டுமானால் ஐம்பதுக்கு ஒன்று என்பது வசதியான அளவு. ஒரு பாதைக்கு மேலே இன்னொரு பாதையைக் கொண்டுபோகக் கால் மீட்டர் உயரமாவது வேண்டும். அதற்குப் பன்னிரண்டரை மீட்டர் தூரம் ஏற வேண்டும். சின்னத் தோட்டக்காரர் அந்த ஆசையை விட்டுவிடுவது நலம். நீலகிரியில் பன்னிரண்டரைக்கு ஒன்று என்ற செங்குத்தான ஏற்றத்தை வண்டி ஏறுகிறதே எனலாம். அங்கே நடுவில் பற்சட்டம் பிடித்து இழுக்கிறது.

வளைவுக்கும் இடம் பார்க்க வேண்டும். நம் மீட்டர்ப் பாதைப் பெட்டி ஏறத்தாழ பத்தொன்பதரை மீட்டர் நீளம். அளவுப்படி செய்தால் 87 சென்டிமீட்டர் வரும். என் தோட்டத்தின் வளைவில் அத்தகைய பெட்டி திரும்பாது. ஆதலால் பெட்டியில் நான்கு சன்னல்களைக் குறைத்துவிட்டேன். இத்துறையில் இது குற்றமாகக் கருதப்படுவதில்லை.

ஓட்டும் விசை மூன்று வகை. தண்டவாளம் வழியே தாழ்ந்த அழுத்த மின்சாரம் அனுப்புவது ஒன்று. தில்லித் தூசியிலும் உப்புத் தண்ணீரிலும் பித்தளை கறுத்து மின்சாரம் தடைப்படும், நாள்தோறும் துடைக்க வேண்டும். பெட்டிக்குள் மின்கலம் வைத்து வானொலி அலையால் இயக்குவது இரண்டாவது. நான் செய்வது இதுவே. மூன்றாவது, உண்மையான நீராவி. சின்னக் கொதிகலனைப் பியூட்டேன் வாயுவால் சூடாக்கி, உருளைகளுக்கு எண்ணெய் விட்டு, வாலை வடித்த நீர் ஊற்றி ஓட்டுகிறார்கள். விலை நம் போன்றோர் சம்பளத்துக்கு எட்டாதது. ஓட்டக் கண்டதுண்டு, டிசம்பர்க் காலையில் அந்த வெண்புகையின் அழகே தனி. குளிர்ந்த காற்றில் நீராவி உடனே துளிகளாகிக் கண்ணுக்குத் தெரிகிறது. கோடையில் தெரியாமலே கரைந்துவிடும்.

புதிதாகத் தொடங்குவோர் வெளிநாட்டுச் சாமானுக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. கடையில் விற்கும் பெரிய பிளாஸ்டிக் பொம்மை இரயில்களில் சில ஏறக்குறைய இதே அகலமுடையவை. அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் போதும். செடியும் நம்மிடம் உள்ளதே. ஆறு மீட்டர் மரம் இந்த அளவில் 27 சென்டிமீட்டர். ஆகையால் அடிக்கிளையைக் கழித்த துளசிச் செடி ஒன்று முழு மரமாகிவிடும். மருக்கொழுந்து புதராகும். பத்துமணிப் பூவைத் தரையில் படர விடலாம். அணில்கள் முதல் வாரம் பயப்படும். பிறகு பெட்டிமேல் உட்கார்ந்து கடலை கொறிக்கும்.

என் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலை வழியே சென்ற மீட்டர்ப் பாதை 1904-இல் திறந்தது. 2010-இல் வண்டி நின்றது. 2018-இல் அகலப் பாதையாகத் திரும்பியது. அதில் ஆரியங்காவுக்கு அப்பால் உள்ள பதின்மூன்று கண் பாலத்தைத் தோட்டத்தில் கட்ட வேண்டும் என்பது என் ஆசை. உண்மைப் பாலம் நூறு மீட்டருக்குச் சற்று மேல். அளவுப்படி நாலரை மீட்டர். இடமில்லாமல் ஐந்து கண்ணோடு நிறுத்தினேன். தில்லியில் பிறந்த என் மகள் அதைத்தான் பதின்மூன்று கண் பாலம் என்று தோழியருக்குக் காட்டுவாள்.

இந்தக் குடியிருப்பு என்னுடையது அன்று. மாற்றல் வந்தால் காலி செய்ய வேண்டும். பாலத்தையும் அதனால்தான் சிமெண்டால் ஒட்டாமல் கழற்றும்படி செய்திருக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் தந்தையார் ஊரிலிருந்து வந்தார். அந்தப் பாதையில் பலகாலம் பயணம் செய்தவர். வண்டி பாலத்தைக் கடப்பதை இரண்டு முறை பார்த்தார். குனிந்து விரல்விட்டு எண்ணினார். "மிச்சம் எட்டுக் கண் எங்கேடா?" என்றார். இடமில்லை என்றேன்.

மறுநாள் காலை நான் எழுவதற்குள் அவர் அளவு நாடாவுடன் தோட்டத்தில் நின்றிருந்தார். துளசி மாடத்தை இரண்டரை அடி நகர்த்தினால் இன்னும் இரண்டு கண்களுக்கு இடம் கிடைக்குமாம்.