கேட்காமலே தகவல் அனுப்பும் கைப்பேசி

உங்கள் கைப்பேசியில் *#06# என்று அழுத்துங்கள். திரையில் 15 இலக்க எண் ஒன்று தோன்றும். அதுதான் ஐஎம்இஐ, அந்தக் கருவியின் அடையாள எண். சிம் கார்டை மாற்றினாலும் அது மாறாது. அந்த எண்ணும் உங்கள் தொலைபேசி எண்ணும் ஒரே இடத்தில் சேர்ந்தால், கருவி யாருடையது என்பது தெரிந்துவிடும்.

சீனக் கைப்பேசி நிறுவனமான சியாவ்மி மலேசியாவுக்கு வந்த 2014ஆம் ஆண்டிலேயே, பின்லாந்தின் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான எஃப்-செக்யூர், அதன் புத்தம் புதிய ரெட்மி 1எஸ் ஒன்றைச் சோதித்தது. கணக்கு எதுவும் திறக்கவில்லை. சிம் போட்டார்கள், வைஃபையில் இணைத்தார்கள், ஓர் எண்ணைச் சேமித்தார்கள், குறுஞ்செய்தி அனுப்பிப் பெற்றார்கள். பிறகு, கருவியிலிருந்து என்னென்ன வெளியே போகிறது என்று பார்த்தார்கள். ஐஎம்இஐ, தொலைபேசி எண், சேமித்த எண், குறுஞ்செய்தி அனுப்பியவரின் எண் எல்லாம் சியாவ்மியின் சர்வருக்குப் போயிருந்தன. இலவசக் குறுஞ்செய்திச் சேவைக்காகவே எடுத்தோம் என்றது நிறுவனம், மன்னிப்பும் கேட்டது. ஆகஸ்ட் 10 முதல், பயனர் விரும்பினால் மட்டுமே அச்சேவை இயங்கும்படி மாற்றியது. ஒரே அப்டேட்டில் மாற்ற முடிந்ததை முதல் நாளே கேட்டுச் செய்திருக்கலாமே!

கேட்காமலே தகவல் எடுக்க எப்படி முடிகிறது? நாம் பதிவிறக்கும் செயலி, தொடர்பு எண்களைத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்கும். ஆலையிலேயே ஏற்றப்படும் செயலியின் இடம் வேறு. அது இயங்குதளத்தோடு சேர்ந்தே இருக்கும். தயாரிப்பாளரின் கையொப்பம் பெற்றது என்பதால் பல அனுமதிகள் முன்கூட்டியே கிடைத்துவிடும். பெரும்பாலும் அதை நீக்க முடியாது, முடக்கத்தான் முடியும். கருவியை முழுதாக ரீசெட் செய்தாலும் அது அங்கேயே இருக்கும்.

2016இல் அமெரிக்காவில் விற்ற 'புளூ' நிறுவனக் கைப்பேசிகளில், இப்படி முன்கூட்டியே ஏற்றப்பட்ட அடப்ஸ் என்ற மென்பொருள் பிடிபட்டது. அப்டேட் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆனால் குறுஞ்செய்திகளை முழுமையாகவே 72 மணி நேரத்துக்கு ஒருமுறை ஷாங்காய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

சேர்த்த தரவு சேர்த்தவரிடமே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2017இல் மலேசியாவின் 4.62 கோடி கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தன. அவை தொலைத்தொடர்பு நிறுவனங்களின் தரவுகள். அவற்றில் ஐஎம்இஐயும் இருந்தது. மலேசியாவில் இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. 2024இல் செய்த திருத்தம், தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவதற்கான உச்ச அபராதத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது. நல்லதுதான். ஆனால் நாம் 'செத்துஜு' (ஒப்புக்கொள்கிறேன்) என்று அழுத்திவிட்டால், சம்மதம் தந்தார் என்று நிறுவனம் சொல்ல இடமாகிவிடும்.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ அம்மா அப்பாவுக்குப் புதுக் கைப்பேசி வாங்கினால், கடைக்காரரே எல்லாத் திரையிலும் சம்மதம் கொடுக்க விடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டி நீங்களே அமைத்துக் கொடுங்கள்.