உங்களுக்குத் தெரியுமா? பதறினால் சர்க்கரை ஏறும்!

● 1913-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி, அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தை முடித்ததும் 25 வீரர்களின் சிறுநீர் சோதிக்கப்பட்டது. 12 பேரின் சிறுநீரில் சர்க்கரை இருந்தது. அவர்களில் 5 பேர் களத்தில் இறங்கவே இல்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த மாற்று வீரர்கள்!

● இதைப் பதிவு செய்தவர் உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன். கடினமான தேர்வு எழுதிய 9 மருத்துவ மாணவர்களில் 4 பேருக்கும் இப்படிச் சர்க்கரை வெளிப்பட்டதாக எழுதியிருக்கிறார்.

● காரணம் அட்ரினலின். பயம் வந்ததும் அது சுரந்து, கல்லீரலில் சேமித்து வைத்த கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக மாற்றி ரத்தத்தில் கலக்கச் செய்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் செய்யும் ஏற்பாடு இது. ஓடாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து கவலைப்பட்டால், அந்தச் சர்க்கரைக்கு வேலையில்லை.

● பதற்றம் நாள்கணக்கில் நீடித்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் கூடும். அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கும், பசியைத் தூண்டும், தூக்கத்தையும் குலைக்கும்.

● தலைகீழாகவும் நடக்கும். சர்க்கரை மிகவும் குறைந்தாலும் அட்ரினலின் சுரக்கும். படபடப்பு, வியர்வை, கைநடுக்கம் எல்லாம் மனப்பதற்றம் போலவே தோன்றும்.

● சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்குத் திடீரெனப் படபடத்தால், "டென்ஷன்தான்" என்று விட்டுவிடாதீர்கள். குளுக்கோமீட்டரில் பாருங்கள். அளவு 70-க்குக் கீழே இருந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் புகட்டாமல், 108-ஐ அழையுங்கள்.