காற்று எந்தப் பக்கம்?

பங்குனி மாதம் பகல் வழி நடப்பவன் பாவி என்பார் என் பாட்டி. தமிழ்நாட்டு வெயிலுக்குச் சொன்னது பாசிர் கூடாங்கிற்கும் பொருந்தும். பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ ஒன்றரை பாகை வடக்கே இருக்கிறோம். மார்ச் 24ஆம் தேதியையொட்டி, மதியம் 1.10க்கு வெளியே நின்று பாருங்கள். விளக்குக் கம்பத்துக்கு நிழலே இருக்காது.

ஆனால் எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது வெயில் இல்லை, காற்று. வடகிழக்குப் பருவக்காற்றின் கடைசி வீச்சை நம்பித்தான் புக்கிட் லாயாங் லாயாங் குன்றில் பட்டத் திருவிழா நடப்பது வழக்கம். மார்ச் பின்பாதியில் அந்தக் காற்று ஓய்ந்துவிடும். பிறகு திசை பிடிபடாத மெல்லிய காற்றும் காலைப் புழுக்கமும்தான். பிற்பகலில் இடிமழை வரும். பெரும்பாலும் இதெல்லாம், காயப்போட்ட துணி நனைந்துவிடுமோ என்ற கவலையோடு முடிந்துவிடும்.

2019 மார்ச் அப்படி முடியவில்லை. 7ஆம் தேதி கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல், வாந்தி. அடங்கிவிட்டது என்று நினைத்திருந்தபோது 11ஆம் தேதி மறுபடியும் ஆரம்பித்தது. 13ஆம் தேதி கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக் வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடச் சொன்னார். உள்ளரங்கம் சிகிச்சை மையமானது. ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி தேடி வந்தார்கள்.

அந்த வாரம்தான் வானிலையை முதல்முறையாகக் கவனமாகப் படித்தேன். பென்சீன், தொலுயீன் போன்றவை வெயில் ஏற ஏற வேகமாக ஆவியாகும். காற்று பலமாக வீசினால் கலையும், அசையாமல் நின்றால் தேங்கும், திசை மாறினால் அடுத்த தாமானுக்குப் போகும். மார்ச் காற்றோ எதற்கும் உத்தரவாதம் தராதது.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. "அப்பா, மூக்கு எரியுது" என்றாள். ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் நாற்றம். சாமி மாடத்திலிருந்து ஓர் ஊதுவத்தியை எடுத்து வாசலில் பிடித்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தேன். மதில் மேலிருந்து பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்:

"தம்பி, காத்து எந்தப் பக்கம்?"

"ஆத்துப் பக்கமிருந்து வருதுக்கா."

"அப்ப மூடிடுறேன்."

மழை பெய்தால் எல்லாம் கழுவிப் போய்விடும் என்றார் ஒரு நண்பர். ஆற்று மட்டம் ஏறிப் பரவிவிடும் என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டுமே நியாயமாகப் பட்டன. மழைக்கு வேண்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நான் நின்ற ஒரே மார்ச் அது.

மழையையும் பிறகு பார்த்துவிட்டோம். 2025 மார்ச் 19, 20 தேதிகளில் கொட்டியது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில், மார்ச் மாதம் முழுவதற்குமான சராசரியான 209.7 மில்லிமீட்டரை அந்த இரண்டே நாள் தாண்டியது.

மகள் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். காலையில் கைப்பேசியில் மழை வருமா என்று பார்ப்பாள். அப்புறம் காற்றுத் தரக் குறியீட்டையும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் காலணி மாட்டுவாள். ஊதுவத்தி மாடத்திலேயே இருக்கிறது.