சியாங் மாயில் திறந்த கதவு

ஆசியக் கோப்பை மகளிர் கால்பந்து என்றால் இறுதிச் சுற்றைத்தான் பலரும் பார்ப்போம். அசல் விறுவிறுப்பு தகுதிச் சுற்றில்தான்! 2026 போட்டிக்கு மொத்தம் 12 இடங்கள். போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியாவோடு சீனா, தென் கொரியா, ஜப்பானுக்கு நேரடி இடம். மற்ற நாடுகள் 8 பிரிவுகளாக மோதின. பிரிவுக்கு ஒரே ஓர் அணிதான் உள்ளே. இரண்டாம் இடத்துக்கு மதிப்பே இல்லை.

இந்தியா ஆடியது தாய்லாந்தின் சியாங் மாய் நகரில். மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேயை 4-0, ஈராக்கை 5-0 என வீழ்த்தியது. தாய்லாந்தும் அதே மூன்று அணிகளிடம் அதே 22 கோல்களை அடித்து, ஒன்றுகூட வாங்காமல் காத்திருந்தது. இரண்டு உலகக் கோப்பைகளில் ஆடிய அணி, அதுவும் சொந்த மண்ணில்!

2025 ஜூலை 5. இந்தியாவின் சங்கீதா பாஸ்போர் முதல் பாதியில் ஒரு கோல் போட்டார். இடைவேளை முடிந்த கையோடு தாய்லாந்து சமன் செய்தது. 74-ஆவது நிமிடத்தில் மறுபடியும் சங்கீதா! 2-1. தகுதிச் சுற்றில் வென்று இந்திய மகளிர் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை.

அதே வாரம் மியான்மரை அதே 2-1 கணக்கில் வென்று வங்கதேசமும் முதன்முறையாகத் தகுதி பெற்றது.