பறக்காத லவ் பேர்ட்ஸுக்குப் பானை கட்டலாமா?

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் கூண்டு கூண்டா கீச்சிடுமே, நாம 'லவ் பேர்ட்ஸ்'னு சொல்ற குட்டிக் கிளிகள்... அதுங்களோட நிஜப் பேரு பட்ஜி. சொந்த ஊர் ஆஸ்திரேலியா. 1840-ல் ஜான் கோல்ட் என்ற பறவை நிபுணர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அங்கிருந்து உலகம் பூரா பரவி, இப்போ நம்ம மொட்டை மாடி வரைக்கும் வந்தாச்சு.

பாக்கெட் மணியில் ஒரு ஜோடி, கூண்டுக்குள்ள ஒரு மண்பானை. முட்டை வந்து சுமார் 18 நாள் அடைகாத்தா குஞ்சு ரெடி! ஆனா, அதுல ஒண்ணு காலை விரிச்சுக்கிட்டு தரையோட தரையா நகர்ந்தா? வளர்ந்தும் பறக்க முடியலைன்னா? 'பாவம், அதுக்கும் ஒரு ஜோடி வேணாமா'னு மனசு கேட்கும். அங்கதான் கொஞ்சம் யோசிக்கணும் பாஸ். முதல்ல, அந்தக் குறை எதனால வந்ததுன்னு பார்க்கணும்.

விரிஞ்ச கால்: பானையின் அடி வழவழன்னு இருந்தாலோ, தாய்க்குக் கால்சியம் பத்தலைன்னாலோ, அது குஞ்சு மேலே ரொம்ப அழுத்தி உட்கார்ந்தாலோ கால் இப்படி விரியும். எலும்பு இளசா இருக்கிற முதல் ரெண்டு, மூணு வாரத்துக்குள் டாக்டர்கிட்ட காட்டினா, மென்மையான டேப் போட்டு கால்களைச் சேர்த்துக் கட்டி சரிப்படுத்த வாய்ப்பு உண்டு. ஒரே ஜோடிக்குத் திரும்பத் திரும்ப இப்படிப் பிறந்தா, பரம்பரையையும் சந்தேகப்படணும்.

ஃபிரெஞ்ச் மோல்ட்: கூட்டை விட்டு வர்ற வயசுல இறக்கை, வால் பகுதியின் நீள இறகுகள் கொட்டிடும். பறக்காம தரையில ஓடும். பெரும்பாலும் இதுக்குக் காரணம் வைரஸ். சில பறவைகளுக்கு இறகு மறுபடி முளைக்கும். ஆனா, பார்க்க நல்லா இருக்கிற பறவைகூட வைரஸைப் பரப்பலாம். எச்சம், இறகுத் தூசி, குஞ்சுக்கு ஊட்டுற இரை எல்லாமே ஆபத்து. இதை ஜோடி சேர்த்தா மொத்தக் கூண்டும் காலி!

ஃபெதர் டஸ்டர்: இறகு நிற்காம வளர்ந்து, ஒட்டடைக் குச்சி மாதிரி ஆகிடும். பெரும்பாலும் ஒரு வருஷம்கூடத் தாங்காது. பரம்பரைக் கோளாறுன்னு கருதப்படுது. அதனால இங்கே பிரிச்சு வைக்க வேண்டியது அதைப் பெத்த ஜோடியை. அதுங்க ரெண்டையும் மறுபடி சேர்க்கவே கூடாது.

"கால் மட்டும்தானே கோணல், மத்தபடி ஆரோக்கியமா இருக்கே?"ன்னு கேட்கலாம். இணை சேரும்போது பெண் பறவை குச்சியை இறுக்கிப் பிடிச்சு நிற்கணும், ஆண் அதன் முதுகில் பேலன்ஸ் பண்ணணும். கால் சரியில்லைன்னா முட்டை கூமுட்டையாப் போகும். பெண்ணுக்கு இன்னும் கஷ்டம். வழக்கமா நாலு முதல் ஆறு முட்டை, ஒண்ணு விட்டு ஒரு நாள் போடணும். உடம்புல இருக்கிற கால்சியம் கரையும். முட்டை உள்ளேயே சிக்கினா உயிருக்கே ஆபத்து. அதையும் தாண்டிக் குஞ்சு பொரிச்சா, மடங்காத காலுக்கு அடியில குஞ்சு நசுங்கலாம்.

அதுக்காகத் தூக்கிப் போடச் சொல்லலை. பானையை எடுத்துடுங்க, போதும். குச்சிகளைத் தாழ்வா வைங்க. உட்கார ஒரு தட்டைப் பலகை, தரையில மெத்துன்னு துணி, ஆழமில்லாத தண்ணிக் கிண்ணம் போதும். தினையோட முருங்கைக்கீரையும் நாட்டு மருந்துக் கடையில கிடைக்கிற கடல்நுரையும் கொடுங்க. துணை வேணும்னா, கால் கோணலான ஆணோட சாதுவான இன்னொரு ஆணை விடுங்க. ரெண்டும் நாள் பூரா அரட்டை அடிக்கும். வைரஸ் சந்தேகம் இருக்கிற பறவையை மட்டும் தனியா வைங்க.

காலோ இறகோ சரியில்லாத குஞ்சு உங்க பானையிலும் இருக்கா? ஜோடி தேடுறதுக்கு முன்னாடி, நல்ல கால்நடை டாக்டரைத் தேடுங்க!