அண்ணாச்சியின் கடன் நோட்டும் அலையும் மனசும்

‘காலை வணக்கத்தோடு வாட்ஸ்அப்பில் தினமும் ஒரு உபதேசம் வந்துவிடுகிறது: இந்தக் கணத்தில் வாழுங்கள்! சாப்பிடும்போது சாப்பாட்டை மட்டும், குளிக்கும்போது தண்ணீரை மட்டும் நினைக்க வேண்டுமாம். இரண்டு வாய் சோறு இறங்குவதற்குள் என் மனசு ஆபீசுக்குப் போய்விடுகிறது. மூளையில் ஏதாவது கோளாறா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கோளாறு இல்லை. மூளையின் வேலையே அதுதான்.

உடல் எடையில் 2 விழுக்காடுதான் மூளை. ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. கஷ்டமான கணக்கைப் போட்டாலும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாலும் மொத்தச் செலவு பெரிதாக மாறுவதில்லை. வித்தியாசம் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அப்படியானால் சும்மா இருக்கும்போது மூளை என்னதான் செய்கிறது?

வரலாறு கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ரைக்லியும் சகாக்களும் மூளையை ஸ்கேன் செய்துவந்தார்கள். வேலை கொடுத்தால் மூளையின் சில பகுதிகளில் செயல்பாடு குறைவதும், வேலை இல்லாதபோது அதே பகுதிகள் மும்முரமாவதும் தெரிந்தது. 2001-இல் இதற்கு ‘இயல்புநிலை’ என்று பெயர் வைத்தார்கள். நெற்றிக்குப் பின்னால் நடுவில் ஒன்று, பின்மண்டையை ஒட்டி ஒன்று, காதுகளுக்கு மேலே பின்பக்கமாக இரண்டு என்று கைகோத்து இயங்கும் இந்தப் பகுதிகளுக்கு இன்று இயல்புநிலை வலைப்பின்னல் என்று பெயர். வரலாறு போதும். அந்த வலைப்பின்னல் என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு மளிகைக் கடைக்குப் போவோம்.

மதியம் 2 மணி. மளிகைக் கடையில் ஆள் இல்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி தூங்கவில்லை, கடன் நோட்டைப் புரட்டுகிறார். போன மாதம் யார் யார் பாக்கி, கோடி வீட்டுக்காரர் அன்றைக்கு ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பொங்கலுக்கு எத்தனை மூட்டை வெல்லம் இறக்கலாம், எதிரே புதுக் கடை வந்தால் என்ன செய்வது என்று ஓடுகிறது. ‘அண்ணாச்சி, கால் கிலோ உளுந்து’ என்று குரல் கேட்டதும் நோட்டு மூடுகிறது, கை தராசுக்குப் போகிறது. உளுந்து கைமாறிய மறுநொடி நோட்டு மறுபடி திறக்கிறது. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கரன்ட் பில் குறைவதில்லை.

நோட்டில் பழைய பாக்கியும் நாளைய கொள்முதலும் ஒரே கையெழுத்தில் இருப்பதுதான் வேடிக்கை. நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பழுதான 5 பேரிடம் லண்டனில் ஒரு சோதனை நடந்தது. ‘வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து விவரியுங்கள்’ என்றார்கள். பெரும்பாலோரால் ஒரு முழுக் காட்சியைக் கட்ட முடியவில்லை. துண்டு துண்டாகத்தான் சொன்னார்கள். நேற்றை இழந்தவர்களுக்கு நாளையும் இல்லை. 2007-இல் வெளியான இந்த ஆய்வைச் செய்தவர்களில் டெமிஸ் ஹசாபிஸும் ஒருவர். பின்னாளில் செயற்கை நுண்ணறிவு வழியே புரதங்களின் வடிவத்தைக் கணித்ததற்காக 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர்.

ஆகவே மனசு அலைவது நோயல்ல. நோட்டே பார்க்காத அண்ணாச்சி கடையைச் சீக்கிரம் மூட வேண்டியதுதான். நாள் முழுக்க ஒரே பக்கத்தை, அதிலும் வராக்கடன் பக்கத்தை, வெறித்துக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் ஐபோன் செயலி வழியாக, நாளில் நினைத்த நேரத்தில், ‘இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 விழுக்காடு நேரம் மனசு வேறெங்கோ இருந்தது. அப்போது மகிழ்ச்சியும் குறைவாக இருந்தது. அன்றைக்கு ஐபோன் வைத்திருந்தவர்கள் சொன்னது என்பதையும் நினைவில் வையுங்கள். அதோடு, இனிய விஷயங்களில் அலைந்த மனசுக்கு அப்படி நஷ்டம் எதுவும் தெரியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2012-இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் நடந்தது. தியானம் பழகிய 14 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். கையில் ஒரு பொத்தான். மனசு நழுவிவிட்டது என்று தெரிந்த நொடியில் அதை அழுத்திவிட்டு, திரும்ப மூச்சுக்கு வர வேண்டும். அவ்வளவுதான் சோதனை. அழுத்துவதற்குச் சில நொடிகள் முன்பு இயல்புநிலை வலைப்பின்னல் முழு வேகத்தில் இருந்தது. அதாவது நோட்டு திறந்திருந்தது. அழுத்திய கணத்தில் விழித்துக்கொண்டது வேறொரு கூட்டணி. எது முக்கியம் என்று சதா மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும் முன் இன்சுலாவும் அதன் கூட்டாளிகளும்தான் அது. ‘அண்ணாச்சி, ஆள் நிக்குது’ என்று குரல் கொடுக்கும் கடைப் பையன் இவன்தான். அதற்கடுத்த நொடிகளில் நெற்றியின் பக்கவாட்டுப் பகுதி கவனத்தைப் பிடித்து மூச்சுக்கு இழுத்து வந்தது.

14 பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனாலும் இது காட்டும் ஒழுங்கைப் பாருங்கள். அலைந்ததைக் கண்டுபிடிப்பதும் திரும்புவதும் தனித்தனி வேலைகள். ‘ஐயோ, மறுபடி போய்விட்டதே’ என்று நீங்கள் நொந்துகொள்ளும் அந்தக் கணத்தில்தான் கடைப் பையன் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறான். நழுவவே நழுவாத மனசிடம் அவனுக்கு வேலையே இல்லை.

மூச்சைக் கவனிப்பது போன்ற எளிய வழிகள் ஏன் வேலை செய்கின்றன என்பதும் இப்போது புரியும். மூச்சு என்பது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை கடைக்கு வரும் வாடிக்கையாளர். லீவு போடாதவர், கடன் சொல்லாதவர். நடக்கும்போது உள்ளங்காலில் படும் தரையும், பாத்திரம் கழுவும்போது கையில் வழுக்கும் சோப்பும் அப்படித்தான். புலன்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தால் நோட்டு சற்று நேரம் மூடும். போன் அப்படியல்ல. அதில் வரும் ஒவ்வொரு அறிவிப்பும் விலையை மட்டும் கேட்டுவிட்டு வாங்காமல் போகும் ஆள். வியாபாரமும் நடக்காது, நோட்டையும் பார்க்க முடியாது. சாப்பிடும்போது அதை அடுத்த அறையில் வைப்பதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் தேவையில்லை.

வகுப்பு என்றதும் கடை விரித்தவர்கள் ஞாபகம் வருகிறது. தியானம் மூளையையே மாற்றி எழுதும் என்று விளம்பரம் செய்து மாதச் சந்தா கேட்கிறார்கள். 2014-இல் 47 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000-க்கும் அதிகமான மாணவர்களைக் கொண்டு, ஒரு பகுதிப் பள்ளிகளில் மட்டும் இதைப் பாடத்திட்டமாகவே நடத்திப் பார்த்தார்கள். வழக்கமான பாடங்களைவிட அது மேலாக இல்லை என்று 2022-இல் முடிவு வந்தது.

எனவே வாசக நண்பரே, சாப்பாட்டுத் தட்டிலிருந்து மனசு ஆபீசுக்குப் போனால் போகட்டும். போனதைக் கவனித்தீர்கள் அல்லவா, அடுத்த வாய்க்குத் திரும்புங்கள். பயிற்சி அவ்வளவுதான், செலவும் இல்லை. ஒரே கவலை வாரக்கணக்கில் சுழன்று தூக்கத்தையும் பசியையும் கெடுத்தால் மட்டும் மூச்சைக் கவனித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.